உங்கள் அம்மாவின் கையில் நகராத நரம்பு

உங்கள் அம்மாவின் வலது கையை ஆஸ்பத்திரியில் கெடுத்துவிட்டார்கள் என்று நீங்கள் மூவரும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் பெரியவள் தன் மாமியாரிடம் அதையே சொன்னாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சை முதன்முதலில் கிளப்பிவிட்டவன் உங்கள் அப்பாவான நான்தான். அதனால் இதை எழுதுகிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசிப் பாதி அது. மலாக்காவில் மெர்லிமாவ் தாண்டி, தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். நான் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா புக்கிட் ரம்பாயில் ஒரு பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னால் பேக்டரி பஸ் தோட்டத்து முச்சந்திக்கு வரும். ஐஸ்பெட்டிக்கு வெளிக்கூடு செய்யும் தகடுகளை அடுக்குவது அவள் வேலை. ஒரு நாள் தகடு ஒன்று வழுக்கி, கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் இருந்த இடத்தில் இறங்கிவிட்டது. மணிக்கட்டின் உள்பக்கம். ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து, இரண்டு தசைநாரும் நடு நரம்பும் அறுந்திருக்கிறது என்றார்கள். அந்த நரம்பு மஞ்சள் மீ நூடுல்ஸ் தடிமன்தான் இருக்குமாம். அதைத் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்திருக்கிறார்கள். தையல் நன்றாகத்தான் இருந்தது. இதை முதலில் எழுதிவைக்கிறேன்.

சில வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்த அன்று ஒரு மலாய்க்கார நர்ஸ், மிஸ்ஸி என்போம், அம்மாவுக்குக் கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். விரலை மடக்கு, நீட்டு, மணிக்கட்டை மெதுவாகப் பின்னால் சாய். காலை, மதியம், மாலை. "கெராக் காக், ஹாரி-ஹாரி கெராக்," என்று தினமும் அசைக்கச் சொல்லிச் சொல்லி, ஒரு தாளையும் கொடுத்தாள். தாள் முழுக்கக் கட்டங்கள். பயிற்சி செய்தவுடன் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். அடுத்த முறை வரும்போது கொண்டுவர வேண்டும்.

எனக்கு அவள் சொன்னது புரிந்தது. புரியவில்லை என்று நான் சொன்னால் அது பொய்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா செய்து பார்த்தாள். சமையலறைப் பலகையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, விரலை மடக்கினாள். தழும்பின் ஓரத்தில் ஒரு சொட்டு இரத்தம் வந்தது. ஒரே ஒரு சொட்டுதான். அவள் முகத்தில் வேர்வை ஓடியது.

"நிறுத்து, போதும்," என்றேன்.

"மிஸ்ஸி வலிக்கும்னுதான் சொன்னா. வலிச்சாலும் செய்யணுமாம்."

"காயம் பட்ட பட்டைய யாராச்சும் தினம் மூனு தடவ நோண்டுவாங்களா?"

"நான் என்ன உங்க பால்மரமா?"

"மரத்துக்கே ஓய்வு குடுக்குறோம். மனுஷிக்கு வேணாமா?"

"அவங்க படிச்சவங்க..."

"படிச்சிருக்கலாம். அவ கை அறுந்துச்சா?"

நான் கேலிக்குச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். இதை உங்களுக்குப் புரியவைக்க வேண்டும். இப்போது பால் வெட்டுவதை நீங்கள் யாரும் பார்ப்பதில்லை. மரத்தில் உளி ஓடும்போது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு நகக்கண் அளவு விட்டு ஓட வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் கட்டையில் காயம் விழும். காயம் விழுந்த மரத்தை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கண்டுபிடித்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் கிழிப்பார். அந்தக் காயத்துக்குக் கருப்பு மருந்து பூசிவிட்டு அந்தப் பக்கத்தை விட்டுவிடுவோம். தொட மாட்டோம். வருஷக்கணக்கில் விட்டால் புதுப்பட்டை வரும். பொறுமை இல்லாமல் அங்கேயே உளி வைத்தவன் மரம் முண்டும் முடிச்சுமாகப் போகும். இருபது வருஷம் இதைச் செய்தவன் நான். என் வரிசையில் காயம் குறைவு என்று பெயர் வாங்கியவன். காயத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பழைய கைலியைக் கிழித்து, ஒரு மெல்லிய பலகைத் துண்டை உள்ளே வைத்து, முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் கட்டிவிட்டேன். குளிக்கும்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் மட்டும் அவிழ்ப்பேன். சோறு நான் பிசைந்து கொடுத்தேன். துணி நான் துவைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "நல்ல புருஷன்தான்டி கெடச்சான் உனக்கு. எங்க வீட்டு ஆளா இருந்தா கட்டோடயே தோசை சுடச் சொல்லும்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு நாள் அந்தப் பேச்சு காதிலேயே இருந்தது.

அந்தத் தாள் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முந்தின நாள் அதைப் பார்த்தேன். ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அம்மா அந்த முதல் நாள் போட்டது. மிஸ்ஸி கேட்டால் என்ன சொல்வது? நான் உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் கோடு போட்டேன். ஒரே பேனாவில் போட்டால் ஒரே நாளில் எழுதியது தெரிந்துவிடும் என்று நீலம், கருப்பு, பெரியவளின் பென்சில் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். நடுநடுவே இரண்டு கட்டத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டேன். அவ்வளவு யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மிஸ்ஸி தாளைப் பார்த்து, "பாகுஸ், அபாங்!" என்று என்னைத்தான் பாராட்டினாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி விரலை மடக்கப் பார்த்தாள். பாதிக்கு மேல் போகவில்லை. தழும்பு இறுகியிருக்கிறது என்று சொல்லி இன்னொரு தாள் கொடுத்தாள். அதையும் நான் நிரப்பினேன். அதற்கடுத்ததையும்.

மாதங்கள் போயின. பிறகு கைலிக் கட்டை அவிழ்த்துவிட்டோம். விட்டுவிட்ட பக்கத்தில் புதுப்பட்டை வர வேண்டியதுதான் என்று நான் காத்திருந்தேன். கட்டைவிரலும், அடுத்த இரண்டு விரலும் மரத்தே கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. "ஏங்க, என்னமோ கருகுது. வெளிய குப்ப கொளுத்துறாங்களா பாருங்க." நான் எழுந்து பார்த்தேன், வெளியே யாரும் எதையும் கொளுத்தவில்லை. உள்ளே போனேன். அவளுடைய சுட்டுவிரல் சட்டியின் விளிம்பில் படிந்திருந்தது. அவள் வேறு பக்கம் திரும்பி ஜன்னலை மோந்துகொண்டிருந்தாள். நான் கையை இழுத்த பிறகுதான் அவள் விரலைப் பார்த்தாள். கத்தவில்லை. "அட," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் எங்களை வேறு அறைக்கு அனுப்பினார்கள். ஒரு பெண் டாக்டர், நம்மவர். மலாக்கா தெங்கேராவில் வளர்ந்தவர், வெளிநாட்டில் மேல்படிப்பு முடித்து அப்போதுதான் வந்திருந்தார். அறுந்து தைத்த நரம்பு உள்ளே எப்படி இருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்கும் முறையைக் கற்றுவந்திருந்தார். பார்த்ததையெல்லாம் அளந்து எழுதிக்கொண்டும் இருந்தார், மற்ற நோயாளிகளுக்கு உதவும் என்று. எங்கள் தாள்களைப் புரட்டியவர், "இவ்வளவு ஒழுங்கா யாருமே கொண்டாந்ததில்ல அண்ணே. அதான் அக்கா கைய நான் பாக்கணும்னு கேட்டேன்," என்றார்.

அவர் ஸ்கேனுக்குத் தடவும் பசையை எடுத்ததும் அம்மா கையை இழுத்துக்கொண்டாள். "டாக்டர், இது புள்ள பாக்குற மிஷின்லா. எனக்கு இருக்குற மூனே போதும்."

"கையில புள்ள இருந்தா நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் அக்கா. நீட்டுங்க."

அம்மா சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

முதலில் நல்ல கை. டாக்டர் இடது முன்கையில் பசை தடவி, சவுக்காரக்கட்டி போன்ற ஒன்றை வைத்து அழுத்தாமல் பிடித்தார். திரையில் சாம்பல் நிறத்தில் மழைத்தண்ணீர் மாதிரி ஏதோ ஓடியது. அதில் குறுக்காக நீளமான பட்டைகள். வெள்ளை வெளேர் என்று தெரிவது தசைநார், கொஞ்சம் கருத்து உள்ளே மெல்லிய கோடுகளோடு இருப்பது நரம்பு என்று விரல் வைத்துக் காட்டினார். "இப்ப விரல மடக்குங்க அக்கா. மெதுவா." அம்மா மடக்கினாள். வெள்ளைப் பட்டை சரேலென்று ஓடியது. அதற்குப் பக்கத்தில் நரம்பும் நகர்ந்தது. வேகமாக இல்லை. கூட்டத்தில் ஒருவன் இடம் விட்டு ஒதுங்குவது மாதிரி, கொஞ்சமாக. டாக்டர் படத்தை நிறுத்தி, நரம்பில் ஒரு புள்ளியைக் குறித்தார். மறுபடி ஓடவிட்டு, அந்தப் புள்ளி போய்ச் சேர்ந்த இடத்தைக் குறித்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தை மிஷின் எண்ணில் காட்டியது. அதை எழுதினார். ஒரு அரிசி நீளம் இருக்கும்.

"நரம்பு கயிறு மாதிரி இழுத்துக் கட்டி வெச்சதுன்னு நெனைக்கிறோம்லா? கழுத்துலேந்து விரல் வரைக்கும், நாம கைய மடக்க மடக்க அது வழுக்கிக்கிட்டே இருக்கணும்," என்றார்.

பிறகு வலது கை. தழும்புக்கு மேலே வைத்தார். "மடக்குங்க அக்கா."

வெள்ளைப் பட்டை சிறிது ஓடியது. நரம்பு நின்ற இடத்திலேயே நின்றது.

"இன்னொரு தடவ."

நின்றது. வெள்ளைப் பட்டை போகும்போது நரம்பின் ஒரு பக்கம் லேசாகச் சுருங்கியது, அவ்வளவுதான். வெளியே தழும்பின் தோல் உள்வாங்கிக் குழி விழுந்தது. நான் அதை முன்பும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், நரம்பைத் தோலோடு சேர்த்துப் பிடித்துவைத்திருந்தது. டாக்டர் புள்ளி குறித்தார், ஓடவிட்டார், மறுபடி குறிக்கப் போனார். இரண்டாவது புள்ளி முதல் புள்ளியின் மேலேயே விழுந்தது.

டாக்டர் பசையைத் துடைத்துவிட்டு எங்கள் தாள்களைத் திரும்ப எடுத்தார்.

"அக்கா, பயிற்சியெல்லாம் செஞ்சீங்கதானே?"

நான் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "செஞ்சேன் டாக்டர்," என்றாள். "தெனமும் செஞ்சேன்."

டாக்டர் கடைசித் தாளையும் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு அசைத்தும் இப்படி ஒட்டியிருக்கிறது என்றால் தைத்த இடமே உள்ளே கெட்டிருக்கலாம் என்றார். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, காலில் பின்பக்கத்திலிருந்து ஒரு நரம்பை எடுத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும். எடுத்த இடத்தில் பாதத்தின் ஓரம் மரத்துப்போகும். அது திரும்பாது. இரண்டு வாரத்தில் தேதி சொல்கிறேன் என்றார்.

மலாக்கா பஸ் நிலையத்தில் மெர்லிமாவ் பஸ்ஸுக்காக நின்றோம். நான்தான் பேச்சை எடுத்தேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்னா சொல்லச் சொல்றீங்க? தாள் எழுதுனது நீங்க. கவர்மெண்ட் தாள்ல பொய் எழுதுனான்னு உங்கள உள்ள வெச்சிட்டா? மூனு புள்ளைங்கள ஒரு கையால வளக்கவா?"

"அதுக்காகக் கால வெட்டிக்குவியா?"

"வெட்டட்டும். கால்ல கரண்டியா புடிக்கப் போறேன்?"

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. மெர்லிமாவ் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டைவிரலின் அடிச் சதை வற்றிப்போயிருந்தது. அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருப்பேன், அதற்குப் பெயர் வைக்கவில்லை.

ஒன்பது நாள் சும்மா இருந்தேன். தினமும் மரம் வெட்டினேன், பால் எடுத்தேன், வீட்டுக்கு வந்தேன். பத்தாவது நாள் விடியற்காலை மழை பிடித்துக்கொண்டது, வெட்டு இல்லை. மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. டாக்டருடைய அறைக்கு வெளியே தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன். தரை துடைக்கிற பெண் இரண்டு தடவை என்னைத் திட்டினாள்.

உள்ளே போனதும் நின்றபடியே சொன்னேன். "டாக்டர், அந்தத் தாள் பொய். அவ செய்யல. நான் செய்ய விடல. கோடெல்லாம் நான் போட்டது."

"ஒரு நாள் கூடச் செய்யலியா?"

"ஒரு நாள். மொத நாள்."

அவர் உட்காரச் சொன்னார். நான் மரத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். கருப்பு மருந்து, புதுப்பட்டை, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கடைசியில், "மரத்துல பட்டை நின்ன எடத்துலயே நிக்குது அண்ணே. அதுக்கு ஓய்வு சரி. நரம்பு நின்னா சுத்தி இருக்கிறதெல்லாம் அத ஒட்டிக்கும்," என்றார்.

பிறகு ஒரு தடித்த நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் புரட்டினார். அம்மாவின் அளவுகள் அங்கே இருந்தன. பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தார்.

"இதுல என்னா எழுதியிருக்கேன் தெரியுமா? நல்லா அசைச்ச கையிலயும் நரம்பு நகரல. உங்க தாள நம்பித்தான் எழுதுனேன். இன்னும் ரெண்டு பேருக்கு இப்படி இருந்துச்சுன்னா, அப்புறம் வர்றவங்ககிட்ட, கஷ்டப்பட்டு அசைக்காதீங்க, பிரயோஜனம் இல்லன்னு நானே சொல்லியிருப்பேன்லா?"

அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டு அடித்தார். எனக்கு அதுவரை என் வீட்டுக்குள் நடந்த பொய்யாகத்தான் அது தெரிந்தது. யார் யாரோ முகம் தெரியாதவர்களின் கைக்குள்ளும் அது போயிருக்கும் என்று நினைக்கவே இல்லை.

"கால்ல வெட்ட வேணாம்தானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"வேணாம். அசைக்காததாலதான் ஒட்டியிருக்கு, தையல் கெட்டிருக்காது. ஆனா நேரம் நெறைய போயிருச்சு அண்ணே."

காலில் கத்தி வைக்கவில்லை. மணிக்கட்டை மட்டும் திறந்து, ஒட்டியிருந்ததைப் பிரித்துவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே மிஸ்ஸி வந்து விரலை மடக்கவைத்தாள். இந்த முறை நான் பக்கத்தில் நின்றேன். அம்மா "சாக்கிட், மிஸ்ஸி, சாக்கிட்!" என்று அலறினாள், வலிக்கிறது என்று மலாயில் சொன்னால் விடுவாள் என்று நினைத்தாளோ என்னவோ. மிஸ்ஸி விடவில்லை. வீட்டிலும் அப்படியே நடந்தது. நீங்கள் பள்ளியிலிருந்து வரும்போது அம்மா கத்துவதைக் கேட்டு வாசலிலேயே நின்றது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

லயத்தில் எல்லோரும் கேட்டார்கள், ஏன் திரும்பவும் ஆபரேஷன் என்று. "மொத தடவ சரியா தைக்கல," என்றேன். அப்படித்தான் அந்தப் பேச்சு பிறந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதை மெர்லிமாவ் பாசார் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அம்மாவும் கேட்டாள். மறுத்துப் பேசவில்லை. டாக்டரிடம் நின்று உண்மையைச் சொன்ன எனக்கு, லயத்தில் சொல்ல வாய் வரவில்லை. டாக்டரை மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், லயத்தில் தினம் குடியிருக்க வேண்டும்.

சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். டாக்டர் புள்ளி வைத்தார், அம்மா மடக்கினாள், நரம்பு நகர்ந்தது. இடது கையில் நகர்ந்ததில் பாதி இருக்கும். டாக்டருக்கு மகிழ்ச்சி, அம்மாவிடம் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க அக்கா, போகுது." அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "போகுது. ஆனா எனக்கு ஒன்னும் தெரியலியே டாக்டர்," என்றாள். டாக்டர் ஒரு பஞ்சை எடுத்து, அவளைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் விரலாகத் தொட்டார். கட்டைவிரலைத் தொட்டபோது "இங்க" என்றாள். மற்ற இரண்டையும் தொட்டபோது ஒன்றும் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தாள், இன்னும் தொடவில்லை என்று நினைத்து. சீக்கிரமே அசைத்திருந்தால் அந்த விரல்கள் திரும்பியிருக்குமா என்று நான் கேட்டேன். "அத என்னால சொல்ல முடியாது அண்ணே. வாய்ப்பு கூடுதலா இருந்திருக்கும்," என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில். கட்டைவிரலுக்கு வந்த உணர்ச்சியோடு அது நின்றுபோனது.

பேக்டரியில் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். தகடு வேண்டாம், திருகாணி பொறுக்கிப் பெட்டியில் போடு என்றார்கள். பார்த்துக்கொண்டே எடுத்தால் எடுத்தாள். கண்ணை எடுத்தால் கையிலிருப்பது கீழே விழுவது அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வாரத்தில் அவளே நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

கடைசி நாள் நான் கூப்பிடப் போனேன். புக்கிட் ரம்பாயில் நல்ல வெயில். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஓடவிட்டு நின்றேன். அவள் பேக்டரியில் காலில் போடும் சப்பாத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஹெல்மட்டை மாட்டினாள். தாடைக்குக் கீழே வார் கொக்கி மாட்ட வேண்டும், அது கண்ணுக்குத் தெரியாத இடம். இரண்டு தடவை நழுவியது. நான் கையை நீட்டினேன்.

"விடுங்க," என்றாள். "நானே போட்டுக்குறேன்."

கையை இழுத்துக்கொண்டேன். அவள் கொக்கியைத் தேடினாள், பிடித்தாள், விட்டாள். பேக்டரி பஸ் எங்களைக் கடந்து போனது, உள்ளிருந்து யாரோ கையாட்டினார்கள். அவள் பார்க்கவில்லை. நான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.